நாலு பாகமும் ஒரு முத்தமும்

என் முட்டாள்தனத்தை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் சொன்னால் கொஞ்சம் கூட்டிச் சொல்வார்கள். தீவகத்து உதைபந்தாட்ட இறுதிப் போட்டி ஒன்று முடிந்த கையோடு, ஊரே பார்த்திருக்க, நான் ஓடிப்போய்க் கோல் கம்பத்தைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தேன். அந்தக் கம்பத்துக்கு முதல் நாள்தான் தார் பூசியிருந்தது. பூசியவனும் நானே.

அப்போது எடுத்த படம் இன்றும் எங்கள் கழக அறையில் தொங்குகிறது. புதிதாக வருகிறவர்கள், இந்த ஆளுக்கு ஏன் மீசை ஒரு பக்கம் மட்டும் இவ்வளவு கனமாக இருக்கிறது என்று கேட்பதுண்டு. அது மீசை அல்ல. நன்றி.

இந்த வருடக் கடைசியில் கழகத்தின் இப்போதைய கோல் காப்பாளர் முகநூலில் ஒரு நன்றி எழுதியிருந்தார். அம்மா, அப்பா, சக வீரர்கள், கடவுள், முழங்கால் வைத்தியர், கையுறை அனுப்பிய கனடா மாமா என்று நீண்டு போனது. கழகப் பொடியள் அதை எனக்கு வாசித்துக் காட்டிவிட்டு, “உங்கடை காலத்திலை இப்பிடி ஒண்டும் இல்லையோ அண்ணை?” என்று கேட்டார்கள்.

“இருந்தது. சோறு ஆறுமட்டும் நிண்டு சொன்னனாங்கள்,” என்றேன்.

“அப்ப அதை எழுதித் தாருங்கோவன்.”

எழுதுகிறேன். ஆனால் தார்க் கதையையும் சேர்த்துத்தான் எழுத முடியும். இரண்டும் ஒரே கதை.

எனக்கு இரண்டு தொழில் இருந்தது. காலையில் கடல், பின்னேரத்தில் கோல். இரண்டிலும் வலைதான். ஒன்றில் வலைக்குள் வரவேண்டியவை வராமல் போயின; மற்றதில் வரக்கூடாதவை வந்தன. தொண்ணூற்றாறில் இடம்பெயர்வு முடிந்து நாரந்தனைப் பக்கம் திரும்பி வந்தபோது தொடங்கி, இரண்டாயிரத்து ஒன்பதில் முழங்கால் இரண்டும் சேர்ந்து ராஜினாமாக் கடிதம் தந்தது வரை, பதின்மூன்று வருடம் இப்படிப் போனது.

நான் கோல் காப்பாளரானது திறமையால் அல்ல. திரும்பி வந்த ஆண்களில் பந்தாடக்கூடியவர்களை எண்ணினால் என்னோடு சரியாகப் பதினொரு பேர். மற்றவர்கள் பிரான்சிலும் கனடாவிலும் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். எனக்கு உயரம் ஐந்தடி மூன்று அங்குலம். ஓடினால் மூச்சு வாங்கும். உதைத்தால் பந்து நிற்கும், செருப்புப் போகும். ஆகவே என்னை இரண்டு தடிகளுக்கு நடுவில் விட்டார்கள். அங்கே நின்றால் குறைந்தபட்சம் மற்றவர்களுக்கு இடைஞ்சல் இல்லை.

கடலிலும் கரையிலும் எனக்கு ஒரே மேலாளர்தான். சூசைப்பிள்ளைச் சம்மாட்டியார். இரண்டு வள்ளங்களுக்கும் எங்கள் வலைகளுக்கும் சொந்தக்காரர், கழகத்தின் தலைவர், பயிற்றுநரும் அவரே. கட்டையான ஆள், கைதான் நீளம். கடற்படை தருகிற பாஸ் முறைப்படி பின்னேரம் கரைக்கு வந்துவிட வேண்டும் என்றிருந்த காலம் அது. வந்த பிறகு ஆண்கள் சும்மா இருந்தால் சண்டை வரும் என்று கழகத்தைத் திரும்பத் தொடங்கியவர் அவர்தான்.

அவருடைய பேச்சைக் கயிறுபோல் அளந்துதான் எடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு இருபது சொல் பேசினால் அன்று பெருநாள். எல்லாரையும் “நீர்” என்றுதான் கூப்பிடுவார். கோபம் வந்தால் அதே “நீர்” இன்னும் மெதுவாக வரும். பாராட்டு என்று ஒன்று அவரிடம் இருந்ததாக யாருக்கும் தெரியாது. ஒருமுறை எங்கள் பின்கள வீரன் றொபேட், பாதித் திடலிலிருந்து உதைத்து ஒரு கோல் போட்டுவிட்டுச் சம்மாட்டியாரின் முகத்தைப் பார்த்தான். அவர், “சப்பாத்து நாடாவைக் கட்டும்,” என்றார்.

அவர் அளவு எல்லாம் கையால்தான். இரண்டு கையையும் விரித்தால் ஒரு கையின் விரல் நுனியிலிருந்து மறு கையின் விரல் நுனி வரைக்கும் ஒரு பாகம். கிட்டத்தட்ட ஆறு அடி. கடலின் ஆழமும் கயிற்றின் நீளமும் எங்களுக்குப் பாகக் கணக்குத்தான். ஊர்காவற்றுறைக் கடையில் கயிறு வாங்கும்போது கடைக்காரர் தடியால் அளந்து வெட்டுவார். சம்மாட்டியார் அதை வாங்கி, நெஞ்சை விரித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, தன் கையால் திரும்ப அளப்பார். ஒரு சாண்கூடப் பிசகியதில்லை. கடைசியில் கடைக்காரர் தன் தடியையே அவர் கையோடு வைத்துச் சரிபார்த்தார் என்று சொல்வார்கள். இதைக் கவனமாக நினைவில் வைத்திருங்கள். நான் வைத்திருக்கவில்லை.

முதல் நாள் பயிற்சியில் அவர் என்னை மணலில் நிறுத்தினார். “ஒரு எட்டு வைச்சு வலப்பக்கம் விழும்.” விழுந்தேன். “எழும்பாதையும்.” கையை நீட்டியபடி கிடந்தேன். அவர் வந்து என்னைக் கால்முதல் கைவரை பார்த்தார். பெருவிரலால் மணலில் ஒரு கோடு கீறினார். பிறகு இடப்பக்கம் விழச் சொல்லி, அங்கேயும் ஒரு கோடு. என் விழுகையின் இலட்சணத்தைப் பார்த்து ஆத்திரத்தில் கீறுகிறார் என்று நினைத்தேன்.

அடுத்த நாள் கோல் நட்டார். பழைய கம்பங்கள் யாருடைய அடுப்பிலோ போய்விட்டன. சிறகுவலைக்கு ஊன்றுகிற தடிகளில் நல்லதாக நான்கைத் தெரிந்து, தார் பூசி, எல்லாரும் பார்க்கத் தன் கையாலேயே அளந்தார். “ஒண்டு… ரெண்டு… மூண்டு… நாலு.” நாலு பாகம். இருபத்துநான்கு அடி. உலகம் முழுக்க உள்ள கோலின் அகலம். மற்றப் பக்கத்துக்கும் அப்படியே. மேலே குறுக்குக் கம்புக்குப் பதில் ஒரு கயிறு. பின்னால் பழைய நண்டு வலை.

அதன் பிறகு நடந்ததை அடக்கமாகச் சொல்ல முடியாது. நான் ஒரு மாபெரும் கோல் காப்பாளர் ஆனேன். நடுவில் நின்று ஒரு எட்டு வைத்து விழுந்தால் விரல் நுனி கம்பத்தில் தட்டும். எங்கே அடித்தாலும் என் கை அங்கே இருந்தது. மண்டைதீவுக்காரர் வந்தார்கள், வெறுங்கையோடு போனார்கள். நெடுந்தீவுக்காரர் படகில் வந்து, கடல் கொந்தளிப்பில் சத்தியெடுத்து, பிறகு என்னிடமும் தோற்றார்கள். ஊர்காவற்றுறைக்கு முன்னால் கடலுக்குள் ஒரு கோட்டை நிற்கிறதல்லவா, அதைப் பார்த்து எனக்குக் “கடற்கோட்டை” என்று பெயர் வைத்தார்கள். ஆறு வருடம் அந்தப் பெயரோடு நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன். கலியாணமும் அந்தப் பெயரால்தான் நடந்தது என்று நினைத்திருந்தேன். மனைவி ஜெசிந்தா, “இல்லை, வேறை ஆள் கேக்கேல்லை,” என்றாள்.

நன்றிச் சோறு என்ற வழக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். வருடத்தின் கடைசி ஞாயிறு, பூசை முடிந்ததும், கோயில் வளவு வேப்பமரத்தின் கீழே கழகக் குடும்பங்கள் எல்லாம் கூடும். பெரிய கிடாரத்தில் சோறு, நண்டுக் குழம்பு, திருக்கை வறை. சாப்பிடுவதற்கு முன்னால் கோல் காப்பாளர் எழும்பி நன்றி சொல்ல வேண்டும். ஆட்டத்தில் அவன் ஓடாமல் நின்று எல்லாரையும் பார்த்துக்கொண்டிருப்பவன், ஆகவே யார் என்ன செய்தார்கள் என்று அவனுக்குத்தான் தெரியும் என்பது சம்மாட்டியார் வைத்த நியாயம். அவர் வைத்த சட்டம் இன்னொன்றும் உண்டு: “எல்லாருக்கும் நன்றி” என்பது செல்லாது. ஒரு ஆளுக்கு ஒரு விசயம், பெயர் சொல்லி. பெயர் சொல்லப்பட்டவர் எழும்பி நிற்க வேண்டும்.

உப்புத் தண்ணீரில் பதினொரு சட்டையையும் தோய்த்துப் பதினொரு நிறமாக்கிய பிலோமினா அக்காவுக்கு நன்றி. மடத்துவெளித் திடலுக்குப் போகும்போது லாண்ட்மாஸ்ரர் உழவு மெஷின் தந்து, பாதி வழியில் எங்களையே தள்ளவும் வைத்த அருளப்பு அண்ணைக்கு நன்றி. ஒரு வருடம் காவலரண் சிப்பாய் ஒருவருக்கும் சொன்னேன். அவர் எங்கள் பந்தை அமத்திப் பார்த்து, குலுக்கிப் பார்த்து, காதில் வைத்துக் கேட்டு, சந்தேகம் தீர்ந்த பிறகு எங்களிடம் உதைத்துத் தந்தார். அந்த உதை எங்கள் முன்கள வீரர்கள் எவனுடைய உதையையும்விட நன்றாக இருந்தது. அவர் வளவில் இல்லாததால் அவருக்காக றொபேட் எழும்பி நின்றான்.

சம்மாட்டியாருக்கு மட்டும் நான் வருடாவருடம் ஒரே நன்றி சொல்வேன்: “வள்ளம் தந்ததுக்கு.” அவர் எழும்புவார், தலையை ஆட்டுவார், இருப்பார். அவ்வளவுதான்.

சமாதானம் வந்து பாதை திறந்த வருடம், யாழ்ப்பாண நகரத்தில் ஒரு போட்டிக்குப் போனோம். பண்ணைப் பாலத்தைத் தாண்டும்போது கடற்கோட்டை பஸ்ஸின் முன் கதிரையில் இருந்தது. திரும்பி வரும்போது பின் கதிரையில் படுத்திருந்தது. ஏழு கோல். ஒவ்வொரு முறையும் சரியாகத்தான் விழுந்தேன். பந்து என் விரலுக்கு அப்பால் இரண்டு அடி தள்ளிப் போனது. ஏழு முறையும் அதே இரண்டு அடி. வீட்டுக்கு வந்து குசினி வாசலில் இருந்து இதைச் சொன்னேன். தையல் மெஷினில் இருந்த ஜெசிந்தா நூலைக் கடித்துவிட்டு, “அங்கத்தைக் கோல் பெரிசோ, இல்லை எங்கடை கோல் சின்னனோ?” என்றாள்.

“விசர்க்கதை கதையாதை. சம்மாட்டியார் கையாலை அளந்தது.”

“எனக்கு மெஷர்மென்ற் ரேப் இருக்கு.”

விடியற்காலையில் தொலைந்த கோழியைத் தேடுவதுபோல் இரண்டு பேரும் திடலுக்குப் போனோம். அவளுடைய துணி நாடா அறுபது அங்குலம், ஐந்து அடி. நான் ஒரு முனையைப் பிடித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நான்காவது நாடா முடிந்த இடத்தில் கம்பம் நின்றது.

“இருபது அடி,” என்றாள்.

“திரும்ப அள.”

“திரும்ப அளந்தாலும் கம்பம் நடக்காது.” நாடாவைச் சுருட்டியபடி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “இவ்வளவு காலமும் கதவைப் பாதி சாத்திப்போட்டே காவல் நிண்டனீங்கள்?”

மற்றக் கோலும் இருபது அடிதான். ஆகவே யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. இரு பக்கமும் ஒரே இடுக்குத்தான். எங்கள் முன்கள வீரர்கள் அந்த இடுக்குக்குள் அடித்துப் பழகியதால் வெளியூரில் வெளுத்து வாங்கினார்கள். இடுக்கால் பெயர் எடுத்தவன் நான் ஒருவன்தான். வெளியூரில் நான் விட்ட கோல்களை எல்லாம் அதுவரை காற்றின் தலையில் போட்டு வந்தவனும் நானே.

காரணத்தையும் நானே கண்டுபிடித்தேன். தொண்ணூற்றாறில் வலை இழுத்து இழுத்துச் சம்மாட்டியாருக்குத் தோள்மூட்டுப் பிடித்திருந்தது. ஆளும் கட்டை. கை முழுதாக விரிந்திருக்காது. பாகத்துக்கு ஒரு அடி குறைந்துவிட்டது. பாவம், மனிதன். அந்த நேரத்தில் ஊர்காவற்றுறைக் கயிற்றுக் கடையை நினைத்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

“சொல்லுங்கோவன் அவரிட்டை,” என்றாள் ஜெசிந்தா.

“சொல்ல ஏலாது. அந்தாளின்ரை பாகம் பிழையெண்டு ஊருக்குத் தெரிஞ்சால் கடலிலை ஆர் அவரின்ரை சொல்லைக் கேட்பினம்?”

“அந்தாளின்ரை பாகமோ, உங்கடை கோட்டையோ?”

இரண்டும்தான். அன்று பின்னேரமே அவள் வீட்டு வளவில் இருபத்துநான்கு அடிக்கு இரண்டு அம்மிக்கற்களை வைத்துவிட்டு, என்னை நடுவில் நிறுத்திப் பந்தை எறியத் தொடங்கினாள். “ஒரு எட்டுக் காணாது. ரெண்டு எட்டு வைச்சு விழுங்கோ.” ஒரு வருடம் விழுந்தேன். வீட்டுப் பின்கோடியில் நின்ற மரவள்ளி முழுவதும் என்னால் செத்தது. அவள் எறிகிறபோது ஒரு இரக்கமும் காட்டியதில்லை. ஆனால் அந்த வருடக் கடைசியில் இரண்டாவது எட்டு என் காலுக்கு வந்துவிட்டது. அந்த நன்றிச் சோற்றில் அவளுக்கு உண்மையைச் சொல்லி நன்றி சொல்ல முடியாமல், “தையலுக்கு நன்றி” என்றேன். அவள் எழும்பி நின்று என்னைப் பார்த்த பார்வையில் நண்டுக் குழம்பு திரும்பக் கொதித்திருக்கும்.

அடுத்த வருடம் தீவகக் கிண்ணத்தின் இறுதி ஆட்டம் எங்கள் திடலில் என்று முடிவானது. எதிர் அணி புங்குடுதீவிலிருந்து. அவர்களின் பொறுப்பாளர் ஒரு கணித வாத்தியார். அவர் ஒரு கடிதம் அனுப்பினார். மிகவும் மரியாதையான கடிதம். ஆட்டத்துக்கு முன்னர் கோல் கம்பங்களைத் தாமே நாடா கொண்டுவந்து அளக்க விரும்புவதாகவும், குறைவாக இருந்தால் கிண்ணத்தை விட்டுக்கொடுக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தது. சம்மாட்டியார் வலைக்குப் பக்கத்தில் இருந்து வாசித்தார். மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

“என்னவாம் சம்மாட்டியார்?” என்றேன், தெரியாதவன்போல.

“அளக்கட்டும்,” என்றார்.

ஆட்டத்தன்று ஊர் முழுக்கப் பார்த்திருக்க, ஒரு வாத்தியார் நாடாவைப் பிடித்து, சூசைப்பிள்ளையின் பாகம் ஐந்து அடி என்று வாசிப்பார். கிண்ணம் போகும். கோட்டை இடியும். அது பரவாயில்லை, இடியட்டும். ஆனால் அந்த மனிதனின் கை?

ஆட்டத்துக்கு முதல் நாள் விடியற்புறம் றொபேட்டை எழுப்பிக்கொண்டு போனேன். விசயத்தைக் கேட்டதும் அவன் கோலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகு மணலில் இருந்துவிட்டான். சிரித்து முடிய நேரம் எடுத்தது.

“அப்ப நீ கோட்டையில்லை, மச்சான். வேலிப் படலை.”

“கிண்டடா.”

ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு கம்பத்தைக் கிளப்பி நான்கு அடி தள்ளி நட்டோம். பழைய குழியை மூடி மிதித்தோம். மேல் கயிற்றை மாற்றினோம். பின் வலைக்கு ஒட்டுப் போட்டோம். கிளப்பியபோது பட்ட கீறல் தெரியாமல் இருக்க, இறுதிப் போட்டிக்கு அழகுபடுத்துவதாகச் சொல்லி நான்கு கம்பத்துக்கும் தார் பூசினோம். வெயில் காலம். தார் காயாது என்பது பதினைந்து வயதிலிருந்து வள்ளத்துக்குத் தார் பூசிய எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அந்தக் கம்பத்தை முத்தமிடும் யோசனை அப்போது என்னிடம் இல்லை.

ஆட்டத்தன்று வாத்தியார் உலோக நாடாவோடு வந்தார். ஒரு முனையைத் தானே பிடித்தார், மறு முனையை நடுவரிடம் கொடுத்தார். குனிந்து வாசித்தார். கண்ணாடியைத் துடைத்து இன்னொரு தரம் வாசித்தார்.

“இருபத்துநாலு அடி,” என்றார், ஏமாற்றத்தோடு.

நான் சம்மாட்டியாரின் முகத்தைப் பார்த்தேன். அவர் கம்பத்தைப் பார்த்தார். பிறகு அதன் அடி மண்ணைப் பார்த்தார். பிறகு என்னை, நெடுநேரம். பெருமையில் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். இந்தக் கட்டுரையில் நான் நினைத்துக்கொண்ட எதையும் நீங்கள் நம்பத் தேவையில்லை.

ஆட்டம் தொடங்கியது. பத்தாவது நிமிடத்திலேயே எங்களுக்கு ஒரு கோல் வந்துவிட்டது. அதன் பிறகு புங்குடுதீவு முழுவதும் என் பக்கம் வந்து குடியிருந்தது. எங்கள் ஊர்த் திடலில் முதல் தடவையாக முழுக் கதவுக்கும் காவல் நின்றேன். இரண்டு எட்டு வைத்து விழுந்தேன், எழும்பினேன், விழுந்தேன். திடல் கரையில் இருந்து ஜெசிந்தாவின் குரல் கேட்டது: “ரெண்டு எட்டு! ரெண்டு எட்டு!” ஊருக்கு அது என்னவென்று விளங்கவில்லை, சேர்ந்து கத்தினார்கள். நான் எட்டாத மூன்று பந்து, நான் தள்ளி நட்ட அதே கம்பத்தில் பட்டுத் திரும்பியது. மூன்றாவது, கடைசி நிமிடத்தில். நடுவர் விசில் ஊதியதும் எனக்குக் கண் தெரியவில்லை. சக வீரர்கள் என்னைத் தூக்க ஓடிவந்தார்கள். நான் அவர்களைத் தள்ளிவிட்டுக் கம்பத்திடம் ஓடினேன்.

மிச்சம் உங்களுக்குத் தெரியும். படம் இருக்கிறது.

சம்மாட்டியார் மண்ணெண்ணெய்த் துணியோடு வந்தார். என் நாடியைப் பிடித்து, சின்னப் பிள்ளைக்குத் துடைப்பதுபோல் துடைத்தார். துணியை மூக்கருகில் கொண்டுபோனார்.

“புதுத் தார்,” என்றார். துணியை என் கையில் தந்துவிட்டுப் போனார்.

அந்த வருட நன்றிச் சோற்றுக்குக் கிண்ணம் நடுவில் இருந்தது. அதற்குள் யாரோ மாங்காய்ச் சம்பல் வைத்திருந்தார்கள். நான் எழும்பினேன். பிலோமினா அக்கா, அருளப்பு அண்ணை, கோல் போட்ட பொடியன், விசயம் வெளியே விடாத றொபேட், எல்லாருக்கும் ஒவ்வொன்றாய்ச் சொன்னேன். மூன்று பந்தைத் தடுத்ததற்குக் கம்பத்துக்கும் சொன்னேன். அதற்காக ஒருவரும் எழும்பவில்லை. பிறகு, “ஜெசிந்தாவுக்கு, அந்த ரெண்டாவது எட்டுக்கு நன்றி,” என்றேன். அவள் எழும்பி, முந்தானையைச் சரிசெய்து, “இப்பதான் சரி,” என்றாள்.

மிஞ்சியது அவர். நாலு மாதமாக அந்தப் “புதுத் தார்” என் காதில் நின்றது. வள்ளம் தந்ததற்கு என்று சொல்லிவிட்டு இருந்திருக்கலாம். வாய் வேறு வழியில் போய்விட்டது.

“சம்மாட்டியாருக்கு,” என்றேன், “தொண்ணூற்றாறிலை அளந்த நாலு பாகத்துக்கு நன்றி. அது கொஞ்சம் குறைஞ்சு போச்சு. உங்கடை பிழையில்லை, அந்த வருசம் உங்களுக்குத் தோள் பிடிச்சிருந்தது. குறைஞ்சபடியாத்தான் நான் கோட்டையானனான். கம்பத்தைத் தள்ளி நட்டதும் நான்தான். உங்கடை கைக்கு ஒரு குறை வரக்கூடாதெண்டு செய்தது. மன்னிக்கோணும்.”

சம்மாட்டியார் மெதுவாக எழும்பினார். இரண்டு கையையும் விரித்தார். தோளில் ஒரு பிடிப்பும் இல்லை. விரல் நுனிக்கு விரல் நுனி நெடுக்க விரிந்தது, முழுப் பாகம், ஆறடி. அப்படியே கொஞ்ச நேரம் நின்று எல்லாருக்கும் காட்டினார். பிறகு கையை மடக்கிக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னார்:

“உம்மைப் படுக்கவைச்சு அளந்துதான் நட்டனான், இரும்.”